ரெண்டாம் கட்டத்துல எழுதாத வார்த்தை

இல்லைங்கிறியா? சரி, நீ நம்ப வேண்டாம். ஊருக்குத் திரும்புறதுக்கு முன்னால எங்க பனைமுனைக் கோயிலுக்குள்ள போயி நீயே எண்ணிப் பாத்துட்டு வந்து சொல்லு. தெக்குச் செவுத்துல சிருஷ்டிப்பு, அதான் ஆண்டவரு ஆறு நாளுல உலகத்தப் படைச்சு ஏழாம் நாளு ஓய்ஞ்ச கதை, முழுக்க வரைஞ்சிருக்கும். பீடத்துப் பக்கமிருந்து எண்ணு. ஒண்ணாம் நாளு, மூணாம் நாளு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. ரெண்டு இருக்காது. வரைஞ்சவனுக்கு எண்ணத் தெரியலைன்னு நீ சிரிக்க. சிரி. அந்தக் கோயிலுக்குப் புதுசா வர்ற அத்தன பேரும் சிரிச்சவங்கதான். ஆனா அத வரைஞ்ச எலியேசர் கொத்தனாரு நூலு புடிச்சு, இம்மி பிசகாம அளந்துதான் வரைஞ்சாரு.

அப்படி அவரு அளந்ததே அதிசயம்தான். கொத்து வேலையும் பாப்பாரு, போர்டும் எழுதுவாரு. எழுத்து முத்து மாதிரி இருக்கும், இடக்கணக்குத்தான் வராது. ஒருக்கா 'ஞானதீபம் டீ ஸ்டால்'னு எழுதப் போயி, 'ஞான'வ ஆளு உசரத்துக்கு எழுதிட்டாரு. கடைசி எழுத்துக்குச் செவுரு இல்ல. பக்கத்துல முடிவெட்டுற கடைச் செவுத்துல போயி அந்த 'ல்'ல எழுதி முடிச்சாரு. முடிவெட்டுறவரு விடுவாரா? 'ல்' என் இடத்துல நிக்குதுன்னு சொல்லி ஒரு மாசம் ஓசி டீ குடிச்சாரு.

இதுல வேடிக்கை என்னன்னா, அவ்வளவு எழுதின மனுசனுக்கு வாசிக்கத் தெரியாது. காகிதத்துல எழுதிக் குடுக்கிறத அப்படியே பாத்து வரைவாரு. அம்பத்தஞ்சு வயசுக்கு மேலதான் கோயில்ல ஆராதனை நடத்துற தீத்து உபதேசியாருகிட்ட உக்காந்து வாசிக்கப் படிச்சாரு. உபதேசியாருக்கு அப்ப முப்பத்தஞ்சுதான் இருக்கும். அதுக்கு முன்னால சைக்கிள் கடை வச்சிருந்தவரு. பிரசங்கம் பண்ணுனா பத்தே நிமிசம். ஊருல அவரு மேல எல்லாருக்கும் பிரியம், பாதி அதுக்காகத்தான்.

"மவன் வயசுக்காரன்கிட்ட என்னவே பாடம்?"னு கேலி பண்ணுவாவ.

"டியூபுல ஓட்டை விழுந்தா ஒட்டுறவன் வயசையா கேப்பீரு?"ன்னு எலியேசர் திருப்பிக் கேப்பாரு.

வேலை முடிஞ்சு குளிச்சிட்டு, சாயங்காலம் உபதேசியாரு வீட்டுக்குப் போவாரு. அவரு இவர "அண்ணாச்சி"ம்பாரு. இவரு அவர "ஐயா"ம்பாரு.

அந்த வருசம் ஈஸ்டருக்குக் கோயிலுக்கு வெள்ளையடிச்சாவ. கமிட்டித் தலைவரு நத்தானியேல், எப்பவும் ஒரு குடையோட திரிவாரு, மழையில்லாத ஊருல. அவருக்கு ஒரு யோசனை. தெக்குச் செவுரு நீளமா வெறுமனே கிடக்குதே, சிருஷ்டிப்ப ஏழு கட்டமா வரையலாம்னு. எலியேசர்தான் வரையணும். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும், ஆண்டவரு படைச்சுப் பாத்துட்டுச் சொன்ன 'நல்லது'ங்கிற வார்த்தைய எழுதணும்.

எலியேசர் நூலு புடிச்சு ஏழு கட்டம் போட்டாரு. போட்டுட்டு நின்னு பாத்தாரு. ரெண்டாம் கட்டம் சரியா அந்த அடைச்ச வாசல் மேல வந்து உக்காந்திருந்துச்சு.

அந்த வாசல் கதையச் சொல்லலைன்னா உனக்கு ஒண்ணும் புரியாது. பனைமுனையில ரெண்டு தெரு. வடக்குத்தெருக்காரங்க உப்பளத்து ஆளுங்க. தெக்குத்தெருக்காரங்க கடலுக்குப் போறவங்க. நடுவுல மேட்டுல கோயில். வடக்கால ஒரு வாசல், தெக்கால ஒரு வாசல். அறுவது வருசமா அவங்கவங்க தெருவுலருந்து அவங்கவங்க வாசல் வழியா வந்து ஒரே பாயில உக்காந்து பாடினாவ.

அப்புறம் ஒரு அசனம் வந்துச்சு. அசனம்னா கோயில் பண்டிகைக்கு ஊரே வரிசையா உக்காந்து கறியும் சோறும் சாப்பிடுறது. அன்னிக்கு வடக்குத்தெரு பரிமாறுச்சு. தெக்குத்தெருவுல ஒரு பெரிய மனுசன் இலையில வெறும் எலும்பா விழுந்துச்சு. அவரு, "வடக்க ஆட்டுக்குச் சதையே கிடையாதோ?"ன்னு கேட்டாரு. சிரிக்கத்தான் சொன்னாரு. பரிமாறினவன், "மீன் தின்னு பழகின வாய்க்கு எலும்பு முள்ளாத்தான் தெரியும்"னான். அதுவும் சிரிக்கத்தான். ரெண்டு பேரும் சிரிக்கச் சொன்னதுக்கு ஒருத்தரும் சிரிக்கல. தெக்குத்தெரு மொத்தமும் இலைய மடிச்சிட்டு எந்திரிச்சுது.

அடுத்த வாரம் கமிட்டி கூடி ஒரு தீர்மானம் போட்டாவ. தெக்கு வாசல் வழியா கடல்காத்து வந்து பீடத்து மெழுகுதிரி அணைஞ்சு போகுதாம். அதனால வாசல அடைச்சிரணுமாம். அறுவது வருசமா அதே காத்துதான் அடிச்சுது. அத யாரும் கேக்கல.

அடைச்சது வடக்குத்தெருக்காரரான நம்ம எலியேசர். தெக்குத்தெருவுக்கு வாக்கப்பட்டுப் போனது அவரு கூடப்பொறந்த தங்கச்சி பூரணம். எலும்பு விழுந்த இலைக்காரரு பூரணத்துக்கு மாமனாரு. இப்பப் புரியுதா?

தெக்குத்தெருக்காரங்க இனி கோயிலுக்கு வரணும்னா வடக்குத்தெருப் பக்கமாச் சுத்தித்தான் வரணும். அவங்க வரல. கடக்கரையில ஓலைக்கொட்டகை போட்டு அங்கேயே ஆராதனை வச்சிக்கிட்டாவ. ஒம்பது வருசம். நடுவுல பூரணம் புருசன் மஞ்சக்காமாலையில செத்துப்போனாரு. எலியேசர் தெருமுனை வரைக்கும் போனாரு. ஒரு பூவரச மரத்தடியில நின்னாரு. பெட்டி குழிக்குப் போற வரைக்கும் அங்கேயே நின்னுட்டு, அப்படியே திரும்பி வந்துட்டாரு.

இப்ப அந்தப் பூரணத்து மவ ஜெபக்கனிக்குக் கடக்கரைக் கொட்டகையில கல்யாணம். ஈஸ்டருக்கு மறுநா, திங்கட்கிழமை. அப்பன் இல்லாத புள்ளைய கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போக வேண்டியது தாய்மாமன்தான். ஆனா பத்திரிகை வரல.

"கூப்பிட்டா போவேன்"னாரு எலியேசர்.

"வந்தா கூப்பிடுவேன்"னா பூரணம்.

ரெண்டையும் இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்கு மட்டும் ஆளு இருந்துச்சு.

சரி, படத்துக்கு வர்றேன். முதல் நாளு வெளிச்சம், பாதி கருப்பு பாதி மஞ்சள். மூணாம் நாளு கரையும் பனைமரமும். அஞ்சாம் நாளு மீன் வரைஞ்சாரு, சீலா மீனுக்கு வாலு இப்படியாடான்னு ஒரு சண்டை. ஆறாம் நாளு ஆதாமுக்கு வாழை இலை பத்தலைன்னு நத்தானியேல் சொல்லி, எலியேசர் ஒரு வாழை மரத்தையே முன்னால கொண்டு வந்து நிறுத்தினாரு. ஏழாம் நாளு ஓய்வுக்கு என்ன வரையன்னு தெரியாம ஒரு சாய்வு நாற்காலிய வரைஞ்சு வச்சாரு. காலி நாற்காலி. அது இன்னும் இருக்கு.

ரெண்டாம் நாளுதான் நிக்கல. மேல தண்ணி, கீழ தண்ணி, நடுவுல வானம்னு நீலமா வரைஞ்சாரு. கீழ 'நல்லது'ன்னு எழுதினாரு. மறுநா வந்து பாத்தா வார்த்தை பொருக்கு பொருக்கா தரையில கிடக்கு. சுரண்டிட்டு மறுபடியும் எழுதினாரு. உதிர்ந்துச்சு. மூணாந்தடவை எழுதினாரு. அதுவும் உதிர்ந்துச்சு, நீலத்துலயும் பாதி சேர்ந்து வந்துருச்சு.

புதன்கிழமை சாயங்காலம் உபதேசியாருகிட்ட போனாரு.

"ஐயா, ரெண்டாம் கட்டத்துல எழுத்து நிக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"தெரியல."

உபதேசியாரு கூடையில இருந்த முருங்கைக்கீரைய உருவிக்கிட்டு இருந்தாரு. சம்சாரத்துக்கு உடம்பு சரியில்ல அன்னிக்கு.

"உப்பு பூக்குது ஐயா"ன்னாரு எலியேசர்.

"மத்த இடத்துல பூக்கலியே."

"அது உப்புத்தண்ணியில போட்ட கலவை."

"கொத்தனாரு உப்புத்தண்ணியில கலவை போடுவாரா?"

எலியேசர் கீரைக் காம்ப ஒண்ணு எடுத்து ஒடிச்சாரு. அவரு என்ன சொல்லுவாரு? ஊருல நல்ல தண்ணிக் கிணறு ஒண்ணே ஒண்ணு. கடக்கரை மணலுல ஊறுற இனிப்புத் தண்ணி. அது தெக்குத்தெருவுல இருக்கு. சண்டைக்குப் பொறவு வடக்குத்தெருவுல குடிக்க லாரித் தண்ணி. அவங்க வாசல அடைக்கிறதுக்கு அவங்க கிணத்துலயே போயி தண்ணி கேக்க முடியுமா? உப்பளத்துத் தண்ணிய மோந்து அடைச்சிட்டாரு. எங்க ஊரு கொத்தனாரு தவிர வேற ஒரு கொத்தனாரும் இந்தத் தப்பப் பண்ணமாட்டான்.

உபதேசியாரு அதையெல்லாம் கேக்கல. வேதபுஸ்தகத்த எடுத்துக் குடுத்தாரு.

"ஆதியாகமம் முதல் அதிகாரத்த வாசிங்க அண்ணாச்சி. நல்லதுன்னு எத்தன தடவை வருதுன்னு எண்ணுங்க."

எலியேசர் விரல வச்சு, எழுத்துக் கூட்டி, வேர்த்து விறுவிறுத்து வாசிச்சாரு. கீரை அடுப்புக்குப் போயிருச்சு. அப்புறம் நிமிந்தாரு.

"ஏழு."

"அப்ப?"

"கணக்கு சரியாப் போச்சு ஐயா. ஏழு நாளு, ஏழு நல்லது. நாளுக்கு ஒண்ணு."

"நாளுக்கு நாளு விரல வைங்க."

வச்சாரு. முதல் நாளு ஒண்ணு. மூணாம் நாளு ரெண்டு. நாலு ஒண்ணு, அஞ்சு ஒண்ணு. ஆறாம் நாளு ரெண்டு, ரெண்டாவது 'மிகவும் நன்றாயிருந்தது'ன்னு. ஏழாம் நாளுக்கு ஓய்வு, அது வேற. விரலு திரும்ப ரெண்டாம் நாளுக்கு வந்துச்சு. மேலயும் கீழயும் தேடுச்சு.

"இதுல இல்லியே ஐயா."

"இல்ல."

"அச்சடிச்சவன் விட்டுட்டானோ?"

உபதேசியாரு சிரிச்சாரு. எலியேசர் எந்திரிச்சு வீட்டுக்கு ஓடி, மாமியாரு குடுத்த அட்டை கிழிஞ்ச பழைய புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்தாரு. அதுலயும் இல்ல. அது அவரு பொறக்கதுக்கு முன்னால அச்சடிச்சது.

"ஏன் ஐயா சொல்லல?"

"அன்னிக்கு என்ன வேலை நடந்துச்சு?"

"தண்ணிய ரெண்டாப் பிரிச்சாரு. மேல கொஞ்சம், கீழ கொஞ்சம்."

"மூணாம் நாளு?"

"கீழ இருந்த தண்ணிய ஒரே இடத்துல சேர்த்தாரு. அதுக்கு நல்லதுன்னாரு. அப்புறம் பயிர் பச்சை. அதுக்கும் நல்லதுன்னாரு."

"ம்."

"அப்ப பிரிச்சது தப்பு வேலையா ஐயா?"

"தப்புன்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"நீங்க ஒரு வீட்டுக்கு நடுச்செவுரு எழுப்புறீங்க. வீட்டுக்காரன் வந்து நல்லாருக்கான்னு கேக்கான். என்ன சொல்லுவீங்க?"

"வாசல் வச்ச பொறவு வந்து பாருங்கம்பேன்"னாரு எலியேசர், பட்டுன்னு.

சொல்லிட்டுப் புஸ்தகத்த மூடி வச்சாரு. கீரை ஆயிருச்சு, ரெண்டு பேரும் சாப்பிட்டாவ.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. பெரிய வெள்ளி. மூணு மணி நேர ஆராதனை, சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பேரு பேசுவாவ. அன்னிக்கு உபதேசியாரு தவிர மத்த ஆறு பேரும் நல்லா நீட்டினாவ. நத்தானியேல் ஒரு வார்த்தைக்கே முக்கா மணி நேரம். அது முடிஞ்சு வாசல்ல கஞ்சி. எலியேசர் கஞ்சிய வாங்கிட்டு உபதேசியாரு பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"ஐயா, அந்தப் பிரிச்ச வேலை எப்ப முடிஞ்சுது?"

"இன்னிக்கு என்ன வாசிச்சோம்?"

"முடிஞ்சதுன்னு சொல்லி தலையச் சாய்ச்சாரு."

"அப்ப தேவாலயத்துல என்ன ஆச்சு?"

"பரிசுத்த இடத்தப் பிரிச்சு நடுவுல தொங்கின திரைச்சீலை கிழிஞ்சுச்சு."

"எங்கருந்து எங்க?"

எலியேசர் யோசிச்சாரு. வாசிச்சது நினைப்பு வந்துச்சு. "மேலருந்து கீழ."

"கீழருந்து மேல கிழிச்சா என்ன?"

"ஆளு நின்னு கிழிச்சிருந்தா கீழருந்துதான் ஐயா கிழிக்க முடியும். அது எம்புட்டு உசரம்!"

உபதேசியாரு கஞ்சிக்கு ஊறுகாய் தொட்டுக்கிட்டாரு.

"நீங்க செவுத்த இடிக்கும்போது எங்கருந்து ஆரம்பிப்பீங்க?"

"மேலருந்துதான். கீழருந்து இடிச்சா நம்ம தலை மேலல்லா விழும்."

"சிலுவையில அவரு தலை மேல விழுந்துச்சு"ன்னாரு உபதேசியாரு. கஞ்சி கலயத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

எலியேசர் கஞ்சி ஆறிப்போச்சு. அன்னிக்கு அவரு சரியா சாப்பிடலைன்னு அவரு பொஞ்சாதி கிருபை எங்கிட்டச் சொன்னா. அவ சொன்னா நம்பலாம். சாப்பாட்டு விசயத்துல பொய் சொல்லமாட்டா. ஒருக்கா ஆறு இட்லி தின்னேன்னு சொல்லிட்டு, இல்ல ஏழுன்னு அவளே திருத்திச் சொன்னவ.

சனிக்கிழமை காலையில எலியேசர் கோயில்ல இருந்தாரு. ரெண்டாம் கட்டம் சொறி புடிச்ச மாதிரி நின்னுச்சு. விடிஞ்சா ஈஸ்டர். உபதேசியாரு உள்ள வந்தாரு.

"வெள்ளி ஒண்ணுன்னா, இன்னிக்கு எத்தனையாவது நாளு அண்ணாச்சி?"

"ரெண்டு."

"இன்னிக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"வெறுமனே விட முடியாது ஐயா. நாளைக்கு எல்லாரும் பாப்பாவ. முழுசாக் கொத்தி எடுத்துட்டு புதுசா காரை பூசி, நீலத்தையாவது நிறுத்திருவேன். வார்த்தை வேண்டாம்."

"நல்ல தண்ணியில பூசுங்க."

"நல்ல தண்ணி..."

உபதேசியாரு மூலையில கிடந்த வாளிய எடுத்து அவரு கையில குடுத்தாரு. குடுத்துட்டு, தொடப்பத்த எடுத்து, தரையில கிடந்த பொருக்கக் கூட்ட ஆரம்பிச்சாரு.

எலியேசர் வாளியோட வெளிய வந்தாரு. வடக்கு வாசல் வழியாத்தான் வரணும், வேற வழி இல்லியே. கோயில சுத்தி, மேட்டுல இறங்கி, பூவரச மரத்த நெருங்கினாரு. கால் அங்க நின்னுச்சு. மூணு வருசத்துக்கு முந்தி மச்சான் சாவுக்கு நின்ன அதே இடம். வெறும் வாளி காத்துல ஆடி கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. அந்தச் சத்தத்துக்கு வெக்கப்பட்டே மனுசன் நடந்துட்டாரு.

கிணத்தடியில பூரணம் தண்ணி எறைச்சிக்கிட்டு நின்னா. கல்யாண வீட்டுக்குத் தண்ணி எவ்வளவு வேணும்! பக்கத்துல ஏழெட்டுக் குடம். அண்ணன் வர்றதப் பாத்தா. கயித்த விடல.

"என்ன, வடக்குத்தெருவுல லாரி வரலியோ?"

"ஒரு வாளி தண்ணி வேணும்."

"குடிக்கவா, குளிக்கவா?"

"செவுத்துக்கு."

"எந்தச் செவுத்துக்கு?"

எலியேசர் வாளியக் கீழ வச்சாரு. "தெக்கு வாசல் செவுரு. உப்பு பூத்து உதிருது."

பூரணம் கையில இருந்த கயிறு நின்னுச்சு. அண்ணனை மேலயும் கீழயும் பாத்தா. அவளும் கொத்தனாரு வீட்டுப் புள்ளதான, சின்ன வயசுல அப்பனுக்குக் கலவை மிதிச்சவ.

"உப்புத்தண்ணியிலயா போட்ட?"

"ஆமா."

"ஒனக்குக் கிறுக்கா அண்ணே? கொத்தனாருன்னு வெளிய சொல்லாத. உப்புத்தண்ணியில போட்டா எந்தச் செவுரு நிக்கும்? அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு குடம் எறைச்சுக் குடுத்திருப்பேன்ல?"

"ஒன் வாசல அடைக்கவா தருவ?"

"அது யாரு வாசலோ. கேக்கது அண்ணனாச்சே."

எலியேசர் கண்ணு கிணத்துக்குள்ள போயிருச்சு. பூரணம் தண்ணிய இழுத்தா. வாளி நெறைய ஊத்தினா. ஊத்திட்டு, அவ கண்ணும் வேற பக்கம் போயிருச்சு, குரலு மட்டும் அதே குத்தல்.

"எடுத்துட்டுப் போ. நல்லாப் பூசு. இந்த வாட்டியாவது நிக்கட்டும்."

அவரு வாளியத் தூக்கினாரு. நாலு எட்டு வச்சாரு. திரும்பினாரு.

"புள்ளைய யாரு கையப் புடிச்சிக் கூட்டிட்டு வாரா?"

"அவளுக்குக் காலு இருக்கு. நடப்பா"ன்னா பூரணம்.

எலியேசர் கோயிலுக்கு வந்து சேரும்போது வாளியில தண்ணி முக்காலுக்கு வந்திருந்துச்சு. உபதேசியாரு கூட்டி முடிச்சு மெழுகுதிரித் தண்டத் துடைச்சிக்கிட்டு இருந்தாரு. எலியேசர் வாளிய ஓரமா வச்சாரு. அதுலருந்து ரெண்டு கை அள்ளிக் குடிச்சாரு. சட்டையக் கழட்டினாரு. பூசுற கரணையத் தொடல. கடப்பாரைய எடுத்தாரு. ஏணியச் சாத்தி மேல ஏறினாரு. நீலத்துக்கு மேல, உச்சியில முதல் அடி விழுந்துச்சு.

சத்தம் கேட்டு நத்தானியேல் குடையோட ஓடி வந்தாரு.

"எலியேசரு! யாரைக் கேட்டு இடிக்கிறீரு?"

"அடைக்கும்போது கமிட்டியக் கேட்டேன். இடிக்கதுக்குக் கேக்கல."

"உபதேசியாரே, நீரா இடிக்கச் சொன்னீரு?"

"நான் தண்ணி கொண்டாரச் சொன்னேன்."

"காத்து வருமே! மெழுகுதிரி அணைஞ்சு போகுமே!"

"அணைஞ்சா மறுபடி பொருத்துவோம்."

மேலருந்து செங்கல் ஒவ்வொண்ணா வந்துச்சு. உள்ள காத்து வர ஆரம்பிச்சுது. நத்தானியேல் குடை ஒருக்கா படபடன்னு அடிச்சிச்சு. மடக்கி கக்கத்துல வச்சிக்கிட்டாரு.

"கல்ல உடைக்காம எடும். கோயில் கல்லு"ன்னு சொல்லிட்டு, விழுந்ததைப் பொறுக்கி ஒதுக்கி அடுக்க ஆரம்பிச்சாரு. அவரும் மனுசன்தான. அவரு சித்தப்பா பேத்தியும் தெக்குத்தெருவுலதான் வாக்கப்பட்டிருந்தா.

பொழுது சாயறதுக்குள்ள அடி வரைக்கும் வந்தாச்சு. பழைய வாசப்படிக்கல்லு அப்படியே இருந்துச்சு, நடுவுல தேஞ்சுபோயி. மிஞ்சின தண்ணியில எலியேசர் அதக் கழுவி விட்டாரு.

ஞாயித்துக்கிழமை விடியும்போது மணி அடிச்சாவ. வடக்கு வாசல் வழியா வடக்குத்தெரு வந்து உக்காந்துச்சு. தெக்கு வாசல் திறந்து கிடந்துச்சு, நிலையும் இல்ல, கதவும் இல்ல. முதல் பாட்டுப் பாடினாவ. யாரும் வரல. ரெண்டாம் பாட்டுக்கு ஒரு கிழவரு கம்ப ஊனி ஏறி வந்தாரு. எலும்புக்காரருதான், பூரணத்து மாமனாரு. படியில நின்னு செவுத்த ரெண்டு பக்கமும் தடவிப் பாத்தாரு. உள்ள வந்து, ஒம்பது வருசத்துக்கு முன்னால உக்காந்த இடத்துலயே போயி உக்காந்தாரு. அவருக்குப் பின்னால நாலு பேரு. அப்புறம் பத்து. மெழுகுதிரி ரெண்டு அணைஞ்சுது. நத்தானியேல் எந்திரிச்சுப் போயி பொருத்திட்டு வந்தாரு. திரும்பவும் அணைஞ்சுது. திரும்பவும் போனாரு.

எலியேசர் வாசப்பக்கம் நின்னாரு. உக்கார மனசு வரல. பூரணம் ஜெபக்கனியோட படியேறி வந்தா. அண்ணன் பக்கம் திரும்பாம வாசலோட வெட்டு விளிம்பத்தான் பாத்தா.

"ஓரம் பிசிறா இருக்கு"ன்னா. "நல்ல தண்ணி இன்னும் நாலு வாளி வேணும் இதுக்கு."

ஜெபக்கனி அம்மாளத் தாண்டி வந்து நின்னா.

"மாமா, நாளைக்கு இதே வாசல்தான?"

எலியேசர் தலைய ஆட்டினாரு.

"மெதுவாக் கூட்டிட்டு வரணும். சேலை தடுக்கும் எனக்கு."

அவரு மறுபடியும் தலைய ஆட்டினாரு. வாயத் திறந்தா அழுகை வந்துரும்னு தெரிஞ்சு, சட்டுன்னு உபதேசியாரு பக்கம் திரும்பிட்டாரு. ஆம்பளைங்க அப்படித்தான், அழுகை வந்தா வேலையப் பத்திப் பேசுவாவ.

"ஐயா, ஒரு காரியம் யோசிக்காமப் போயிட்டேன். ரெண்டாம் நாளு போச்சே. வர்றவன் எண்ணிப் பாத்துட்டுச் சிரிப்பான். வேற எங்கயாவது ஒரு கட்டம் போட்டு வரையட்டா?"

"ரெண்டாம் நாளுல என்ன வரையணும்?"

"மேல வானம், கீழ தண்ணி."

உபதேசியாரு அவரு தோளத் தொட்டு வாசல் பக்கம் திருப்பினாரு. மேட்டுலருந்து பாத்தா தெக்குத்தெரு ஓட்டு வீடெல்லாம் கீழ கிடக்கு. அதுக்கு அங்கிட்டு கடல். கடலுக்கு மேல வானம். வெளிச்சம் இப்பத்தான் ஏறுது. வாசலளவுக்கு அப்படியே நின்னுச்சு, ஒரு கட்டம்.

எலியேசர் ரொம்ப நேரம் பாத்தாரு.

"அப்ப கீழ அந்த வார்த்தைய எழுதிரட்டா ஐயா? இப்ப நிக்கும்."

உபதேசியாரு வெளிய எட்டிப் பாத்தாரு. மேட்டுப் பாதையில இன்னும் ஆளு ஏறி வந்துக்கிட்டு இருந்துச்சு. கைப்புள்ளையோட ஒருத்தி, அவளுக்குப் பின்னால செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு ரெண்டு பேரு, அதுக்கும் பின்னால தெருமுனையில, பூவரச மரத்தடியில, வரலாமா வேண்டாமான்னு நாலஞ்சு பேரு.

"பொறுங்க அண்ணாச்சி"ன்னாரு. "எல்லாரும் உள்ள வந்துரட்டும்."

கதை அம்புட்டுதான், இரு. ஏ மவளே பெனினா! எங்கட்டி போன? தெக்குத்தெருக்காரி வாசல்ல சட்டியில மீன வச்சிட்டுக் குரல் குடுத்துட்டுப் போறா, காதுல விழலியா? பூனை வாய வைக்கதுக்கு முன்னால உள்ள கொண்டா.